கமிஷன் இல்லாத கவுன்ட்டர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி போன் செய்தால், விஷயம் என்னவென்று எடுப்பதற்கு முன்பே தெரியும். "அக்கா, ரேட்டு நல்லா இருக்கு. இன்னிக்கே அனுப்பிடவா, ரெண்டு நாள் பாக்கவா?"

சிங்கப்பூரில் கட்டுமான வேலை, ஏழு வருஷமாக. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. சிராங்கூன் ரோடு பக்கம் பணம் அனுப்பும் கவுன்ட்டர்களில் வரிசை நீளுவதும் அன்றைக்குத்தான். தம்பி வழக்கமாகப் போவது 'கமிஷன் இல்லை' என்று போர்டு வைத்திருக்கும் கவுன்ட்டருக்கு. ரூமில் எல்லோரும் அங்கேதான் போகிறார்களாம்.

"கமிஷன் வாங்கலைன்னா, கடை வாடகையை எப்படிடா கட்டுறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் என் நோட்டுப் புத்தகக் கணக்கு.

பதில் ரேட்டில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, சந்தையில் ஒரு சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று வையுங்கள். கமிஷன் இல்லாத கவுன்ட்டர் 64.20 தருகிறது. இன்னொரு இடத்தில் 64.90 தருகிறார்கள், ஆனால், 4 டாலர் கட்டணம். 500 டாலர் அனுப்பினால் முதல் இடத்தில் 32,100 ரூபாய் வரும். இரண்டாவதில் கட்டணம் போக மீதி 496 டாலருக்கு 32,190 ரூபாய். ஆக, 'இலவசம்' 90 ரூபாய் குறைவு. 1,000 டாலர் என்றால் வித்தியாசம் 440 ரூபாய். அதே 200 டாலர்தான் என்றால் கதை திரும்பிவிடுகிறது. கமிஷன் இல்லாத இடத்தில் 12,840, கட்டணம் வாங்கும் இடத்தில் 12,720. அதனால் 'எது நல்லது' என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. 'இன்றைக்கு இத்தனை டாலர் கொடுத்தால், ஊரில் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்?' என்று இரண்டு இடத்தில் கேட்டுவிட்டால் போதும்.

வங்கி மூலம் டாலராகவே அனுப்பும்போது இன்னொரு கழிவும் உண்டு. நடுவில் வரும் வங்கி கொஞ்சம் எடுக்கலாம். இங்கே ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டி வேறு, குறைந்தபட்சம் 45 ரூபாய். அனுப்புகிறவர் கையில் இருக்கும் ரசீதில் இதெல்லாம் தெரியாது. அம்மாவின் பாஸ்புக்கில்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அங்கே இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான். அனுப்பிய தேதி, டாலர், ஏறிய தேதி, ரூபாய் என்று நாலே கட்டம் போட்டு மாதாமாதம் எழுதுகிறேன்.

இந்தக் கணக்கைப் பார்த்து, தம்பி ஒரு ஆப்புக்கு மாறினான். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று. பணம் வரவில்லை. பாஸ்புக்கில் அம்மா பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல். தம்பி ஆப்பில் அப்பாவின் முழுப் பெயரையும் சேர்த்துப் பதிந்திருக்கிறான். பெயர் ஒத்துப்போகவில்லை என்று எங்கோ நின்றுவிட்டது. ஆப்பில் கேட்டால் இங்கிலீஷில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. ஐந்தாம் நாள் பணம் தம்பிக்கே திரும்பிப் போனது. பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டுப் பணத்தை வாங்கித்தான் ஆபரேஷன் நடந்தது.

அந்த ஐந்து நாளில் கவுன்ட்டரின் அருமை எனக்கும் புரிந்தது. அங்கே தமிழில் பேசுவார்கள், ரசீது கொடுப்பார்கள், தப்பென்றால் நேரில் போய்ச் சத்தம் போடலாம். அதற்கு 90 ரூபாய் கொடுக்கிறவர்களை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனசில்லை. புதிதாக எதற்கு மாறினாலும் முதலில் சின்னத் தொகை அனுப்பிப் பாருங்கள், பெயரைப் பாஸ்புக்கில் உள்ளபடி எழுத்து மாறாமல் போடுங்கள். இது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

2023 பிப்ரவரியில் நம் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநௌவையும் இணைத்தார்கள். இரண்டு பக்கமும் அதில் சேர்ந்த வங்கிகளாக இருந்தால் போனிலிருந்தே உடனே பணம் வந்துவிடும். ஒரு நாளைக்கு 1,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்துத்தான் தொடங்கினார்கள். அவசரத்துக்கு இது தோது. ஆனால் அதிலும் வங்கி என்ன ரேட் போடுகிறது என்று பார்த்துவிட்டே அழுத்த வேண்டும்.

உண்டியலில் இன்னும் நல்ல ரேட் என்பார்கள். வீட்டு வாசலுக்கே வந்து கொடுப்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அது சட்டப்படி குற்றம். பணம் வராவிட்டால் போலீஸில்கூடச் சொல்ல முடியாது. நாளைக்கு இடம் வாங்கும்போது 'பணம் எங்கிருந்து வந்தது' என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்காது. உரிமம் உள்ள நிறுவனமா என்று சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ரேட்டுக்காகக் காத்திருப்பதைப் பற்றியும் அவனோடு ஒரு சண்டை. 500 டாலருக்கு 20 காசு ஏறினால் 100 ரூபாய் லாபம். சரி. எங்கள் நகை அடகில் இருக்கிறது, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்த 32,500 ரூபாய்க்கு மாதம் 325 வட்டி. ஒன்பது நாள் காத்திருந்தால் அந்த நூறு ரூபாய் வட்டிக்கே சரியாகிவிடும். ரேட் இறங்கினால் அதுவும் சேர்ந்து நஷ்டம். இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீ பேங்க்ல வேலைக்குப் போயிருக்கலாம்க்கா" என்றான்.

இப்போது மாதச் செலவுக்கான 200 டாலர் பழைய கவுன்ட்டரில் வருகிறது. நகைக் கடனுக்கான பெரிய தொகை, சரியான பெயரோடு, ஆப்பில் வருகிறது. அம்மாவிடம் இந்த ஏற்பாட்டை விளக்கினேன். "எதுல வந்தா என்னடி, ஏறிடுச்சான்னு பாக்கணும்" என்று பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு, என்ட்ரி போடும் மெஷினைத் தேடிக் கிளம்பிவிட்டார். இந்த மாதம் இரண்டும் ஏறியிருக்கிறது.