ஒரே தேதி... ரெண்டு கடல்!

இன்டர்னல்ஸ் எப்படிப் போச்சு? சரி சரி, முறைக்காதீங்க. இந்த வாரம் மார்க் பத்திப் பேச்சே இல்லை. கடல் பத்திப் பேசலாம்.

2015, மார்ச் 18. இந்தத் தேதியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அன்னிக்கு வந்த பிரிட்டன் பட்ஜெட்ல ஒரு அறிவிப்பு. பசிபிக் நடுவுல இருக்கிற பிட்கெய்ர்ன் தீவுகளைச் சுத்தி பிரமாண்டமான கடல் காப்பகம் அமைக்கப் போறோம்னு! உலகம் கைதட்டிச்சு. அதே தேதியில ஒரு சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பு சொல்லுது. இந்தியப் பெருங்கடல்ல சாகோஸ் தீவுகளைச் சுத்தி பிரிட்டன் ஏற்கெனவே அறிவிச்ச கடல் காப்பகம் சட்டப்படி தப்பு!

ஒரே அரசாங்கம், ஒரே ஐடியா. ஒரு கடலுக்குக் கைதட்டல், இன்னொரு கடலுக்குக் குட்டு. ஏன் பாஸ்?

முதல்ல பேஸிக்ஸ். ஒரு குட்டித் தீவு கையில இருந்தா போதும்... அதைச் சுத்தி 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரைக்கும் மீன் வளம் உங்க கண்ட்ரோல். பழைய சாம்ராஜ்யத்துல மிச்சமான தீவுகள் பிரிட்டனுக்கு உலகம் பூரா இருக்கு. அவற்றைச் சுத்தி 40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல கடலைப் பாதுகாக்கிற திட்டத்துக்குப் பேரு ‘ப்ளூ பெல்ட்’. நம்ம இந்தியாவோட மொத்த நிலப்பரப்பே சுமார் 33 லட்சம்தான்!

பிட்கெய்ர்ன்ல இருக்கிறவங்க ஐம்பது பேர்கூட இல்லை. நம்ம கிளாஸ் ஸ்ட்ரெங்த்தைவிடக் கம்மி! 1789-ல ‘பவுன்ட்டி’ங்கிற கப்பல்ல கேப்டனையே எதிர்த்துக் கலகம் பண்ணின மாலுமிகளோட வாரிசுகள்தான் பலர். ஏர்போர்ட் கிடையாது, கப்பல்தான். ஆனா, 2012-ல அவங்க தீவு கவுன்சில் கூடி, ‘எங்க கடலைக் காப்பகமா அறிவிங்க’ன்னு ஒருமனதா முடிவெடுத்தாங்க. 2016-ல அது அமலுக்கு வந்துச்சு. சுமார் 8.3 லட்சம் சதுர கிலோமீட்டர். வெளியூர்க் கப்பல்கள் வலை போடக் கூடாது. தீவுக்காரங்க கரையோரமா தங்களுக்கு வேணுங்கிற மீனைப் பிடிச்சுக்கலாம்.

அவ்வளவு பெரிய கடலுக்கு யார் வாட்ச்மேன்? சாட்டிலைட்! ஒவ்வொரு பெரிய கப்பலும் ஏ.ஐ.எஸ். கருவி மூலமா ‘நான் இங்கே இருக்கேன்’னு சிக்னல் விடணும். திருட்டுக் கப்பல் அதை ஆஃப் பண்ணிடும். ஆனா, ராடார் சாட்டிலைட்டுக்கு மேகமும் இருட்டும் தடை இல்லை. ராடார்ல கப்பல் தெரியுது, சிக்னலைக் காணோம்னா... மாட்டிச்சு! ஈ.சி.ஈ. மக்களே, அந்த ஆன்டெனா பேப்பரை அரியர் வைக்காதீங்க.

இப்போ சாகோஸ். டீகோ கார்சியாவுல அமெரிக்க ராணுவத் தளம் வரணும்னு, 1968-லேர்ந்து 1973-க்குள்ள அங்கே வாழ்ந்த மொத்த ஜனங்களையும் பிரிட்டன் வெளியேத்துச்சு. குறைஞ்சது 1,500 பேர். மொரீஷியஸ்லயும் செஷல்ஸ்லயும் கொண்டுபோய் இறக்கிவிட்டாங்க. ‘ஊருக்குப் போகணும்’னு அவங்க கோர்ட்டு கோர்ட்டா ஏறிக்கிட்டு இருந்த நேரத்துல, 2010 ஏப்ரல் 1-ல வந்துச்சு அறிவிப்பு. 6.4 லட்சம் சதுர கிலோமீட்டர் காப்பகம், வணிக மீன்பிடிப்புக்குத் தடை! ராணுவத் தளத்தை ஒட்டின கடலுக்கு மட்டும் விதிவிலக்கு.

அதே வருஷம் விக்கிலீக்ஸ் வெளியிட்ட ஒரு அமெரிக்கத் தூதரகக் குறிப்பு குண்டைத் தூக்கிப் போட்டுச்சு. காப்பகம் வந்துட்டா தீவுக்காரங்க திரும்பி வர்றது கஷ்டமாயிடும்ங்கிற பேச்சு அதுல இருந்துச்சு. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். அந்த உள்நோக்கம் பிரிட்டிஷ் கோர்ட்ல நிரூபணம் ஆகலை. 2015-ல கேஸ்ல ஜெயிச்சது மொரீஷியஸ். தங்களோட உரிமைகள் அந்தக் கடல்ல இருக்கு, எங்களை ஒழுங்கா கலந்து பேசலைங்கிறது அவங்க வாதம். காப்பகம் நல்லதா கெட்டதாங்கிற கேள்விக்குள்ளேயே நடுவர் மன்றம் போகலை. கேட்காம செஞ்சதுதான் தப்பு.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க காலேஜ் பின்கேட் ஞாபகம் வந்துச்சு. அங்கே ரெண்டு வேப்பமரம். அடியில ஒரு அக்கா டீயும் சுண்டலும் விப்பாங்க. போன செமஸ்டர் லீவ் முடிஞ்சு வந்தா... கடையைக் காணோம். கம்பிவேலி, ‘பசுமை வளாகம்’னு ஒரு போர்டு, புதுசா பத்து செடி. என்.எஸ்.எஸ். பனியன் போட்டுக்கிட்டு அந்தப் போர்டு பக்கத்துல நானும் போட்டோவுக்கு நின்னேன். அக்கா எங்கே போனாங்கன்னு கேட்கத் தோணினது ஒரு வாரம் கழிச்சு, மழையில டீ குடிக்கணும்போல இருந்தப்போதான். யாருக்கும் தெரியலை.

மரம் நல்லாத்தான் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். சாகோஸ் பவளப்பாறையும் காப்பாத்த வேண்டியதுதான். யாராவது குறை சொன்னா, ‘அப்போ மரம் வேண்டாமா, மீன் வேண்டாமா?’ன்னு வாயடைச்சிடலாம். அதான் இதுல இருக்கிற சிக்கலே! நல்ல காரியம்ங்கிறதால நாம யாரும் அடுத்த கேள்வி கேட்கிறதில்லை.

2019-ல சர்வதேச நீதிமன்றம், சாகோஸ் மீதான நிர்வாகத்தை பிரிட்டன் சீக்கிரம் முடிச்சுக்கணும்னு கருத்து சொல்லிச்சு. 2025 மே 22-ல தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்கிற ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. டீகோ கார்சியா தளம் மட்டும் 99 வருஷத்துக்கு பிரிட்டன் வசம். ‘இதுலயும் எங்களைக் கேட்கலை’ன்னு சாகோஸ் மக்கள் பலர் கொதிச்சாங்க.

நம்ம குமரி மாவட்ட ஆழ்கடல் மீனவர்கள் டீகோ கார்சியா பக்கம் பிடிபட்ட செய்திகளைப் பேப்பர்ல பார்த்திருப்பீங்க. அதே கடல்தான். இனிமே எங்கேயாவது ‘பாதுகாக்கப்பட்ட பகுதி’ன்னு போர்டு பார்த்தா சந்தோஷப்படுங்க. கூடவே, ‘இங்கே முன்னாடி யார் இருந்தாங்க, அவங்ககிட்ட கேட்டீங்களா?’ன்னு பக்கத்துல யாரையாவது விசாரிங்க.

நானும் பின்கேட் அக்காவைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். கிடைச்சதும் சொல்றேன். அடுத்த வாரம் பார்ப்போம்!