காலத்தை விலைக்கு வாங்குதல்

காலம் பொன்னினும் அரியது என்று கூறாத ஆசிரியர் இலர்; அதனைக் கேட்டுக் கொட்டாவி விடாத மாணாக்கரும் இலர். இளம்பருவந்தொட்டுக் கேட்டுவரும் இவ்வுண்மை நம்மிடத்தில் வேலை செய்யாமைக்குச் சோம்பலே காரணம் என்பர் பெரியோர். யான் அங்ஙனம் கருதவில்லை. நம் தோழர்களுள் ஒருவரை வினவின், "இந்தத் தொல்லை ஒருவாறு தீரட்டும், பிறகு பாருங்கள்" என்பார். தந்தையாரின் கடன், அன்னையாரின் பிணி, செலுத்த இயலாத கட்டணம், வீட்டில் ஓயாத சச்சரவு ஆகிய இவை நீங்கிய நாளிலேதான் தமக்குக் காலம் தொடங்கும் என்பது அவர் எண்ணம். இவ்வெண்ணத்திற்குச் சிலர் பக்திப் போர்வையும் போர்த்துகின்றனர். "ஆண்டவர் வழி திறக்கும்வரை காத்திருக்கிறேன்" என்பர். கிறிஸ்தவ விசுவாசம் போதிப்பது இதற்கு நேர்மாறானது என்பதே ஈண்டு யான் கூறப்புகுவது.

பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் காலத்தைப் பற்றியதோர் அறிவுரை உண்டு. அவர் தம்மைக் கட்டுண்டவர் என்று அந்நிருபத்திலேயே குறித்துக்கொள்கின்றார். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல் சந்தையில் வழங்குவது. விலைகொடுத்து வாங்குதல், மீட்டல் என்னும் பொருளினது. காலத்தை விலைக்கு வாங்குக என்பவர் காரணத்தையும் உடன் உரைக்கின்றார். அக்காரணம், நாள்கள் தீயன என்பதே. நம் பிரசங்கியார் பலர் அறிவுரையை எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிடுகின்றனர். நாள் நன்றாயிருக்கையில் வாங்குக என்றாரல்லர். தீயதாதலின் வாங்குக என்றார். விலையின்றிக் கிடைக்கும் காலம் எங்கோ இருக்கின்றதென்று காத்திருப்பார்க்கு அது வந்ததாக யாண்டும் வரலாறு இல்லை.

ஆங்கில நாட்டு யோவான் பனியனை நோக்குக. பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியாகிய அவர், அரசின் உத்தரவின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காக 1660-இல் பெட்போர்டு நகரில் சிறையிடப்பட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே கிடந்தார். வீட்டில் மனைவியும் மக்களும். மக்களுள் ஒருத்தி பார்வையற்றவள். அவர் சிறையில் செய்த வேலையென்ன? காலணிக்கு இடும் கயிறுகளை முடைந்து விற்பித்துக் குடும்பத்திற்கு உதவினார்; அதனோடு எழுதவும் செய்தார். 1678-இல் வெளிவந்த அவருடைய மோட்சப் பிரயாண நூலை உலகம் அறியும். அக்கயிறுகளை யாரும் நினைப்பதில்லை. எனக்கோ கயிறுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. நூல் எழுதும் ஆற்றல் சிலர்க்கே உரியது. கயிறு முடைதல் எவர்க்கும் இயலும்.

அந்நூலைத் தழுவித் தமிழில் இரட்சணிய யாத்திரிகம் இயற்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அவர்கள் 1827-இல் நெல்லை நாட்டில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். சுற்றத்தாரின் சமயத்தை விட்டுப் பிரிந்தவர் மனம் எவ்வளவு வருந்தியிருக்கும் என்பதை, அவ்வனுபவம் உடைய குடும்பத்தார் அறிவர். அவர் தமிழாசிரியராயிருந்து பிழைத்தவர். காவியம் பாடுவதற்கென்று அவருக்கு எவரும் ஓய்வு அளிக்கவில்லை. நற்போதகம் என்னும் இதழிற் பகுதி பகுதியாகப் பல ஆண்டுகள் வெளிவந்த அப்பாடல்கள், 1894-இல் அவருக்கு அறுபத்தேழு வயதானபோது நூலுருப் பெற்றன. மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள்! திங்கள்தோறும் இதழுக்குச் சில பாடல்கள் என்று கணக்கிட்டுப் பார்ப்பின், அது வியப்பன்று; உழைப்பு என்பது விளங்கும்.

இவ்விடத்துக் கிறிஸ்தவரல்லாத ஒருவரை நினைவுகூர்வது நம் கடன். பரிதிமாற் கலைஞர் என்னும் சூரியநாராயண சாஸ்திரியார், நம் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்த 1937-ஆம் ஆண்டிற்கு நெடுநாள் முன், சென்னை நகரில் அஃது இருந்த காலத்தில் இதன் மாணாக்கராயும் தமிழாசிரியராயும் விளங்கினார். தமிழ் ஓர் உயர்தனிச் செம்மொழி என்று அவர் நிறுவியதை இந்திய அரசு ஏற்றது 2004-இல். அவரோ காசநோயால் 1903-இல் முப்பத்துமூன்றாம் வயதில் மறைந்தார். நாள்தோறும் நம்மில் பலர் கடந்துவரும் தாம்பரம் சானடோரியம் நிலையத்திற்குப் பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை டாக்டர் சௌரி முத்து நிறுவியது 1928-இல்தான். அந்நோய்க்குரிய மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில் நோயாளர் மாதக்கணக்கில் தூயகாற்றில் கிடப்பதே சிகிச்சை. அவ்வாறு கிடந்தோர் காலத்தை வீணாக்கினர் என்று எவரேனும் சொல்லத் துணிவரோ?

இவ்வினாவே என்னை மறுபக்கத்திற்கு அழைத்துச் செல்கின்றது. காலத்தைப் போற்றுவோர்க்கு ஓர் இடுக்கண் உண்டு, அவர் கருமியாகிவிடுவர். சென்ற ஆண்டு என் பாட்டியார் நோய்ப்படுக்கையில் இருந்தபோது தேர்வு நெருங்கியிருந்தது. அவர்கள் அருகே அமர்ந்து, ஒரே கதையைப் பலமுறை கேட்டவண்ணம் பல மாலைப்பொழுதுகள் கழிந்தன. "படிப்பு கெடுகிறதே" என்று உறவினர் ஒருவர் இரங்கினார். நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் ஒருவேளை காலந்தவறாதவர்களாய் இருந்திருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றிற்று. சமாரியனோ வழியில் நின்றான். அன்றைய பயணம் அவனுக்குக் கெட்டது. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெய்த பெருமழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, சென்னையின் வெள்ளப் பகுதிகளுக்குப் படகுகளைக் கொண்டுவந்து மக்களைக் கரையேற்றிய மீனவர்களும் தம் தொழிலை விட்டே வந்தனர். காலம் ஆண்டவருடையதாயின், அதனைச் சிதறுதலும் பிழை. பூட்டி வைத்தலும் பிழையே.

நிற்க. நம் கல்லூரியில் விடுதிகளில் வாழ்வோர் உளர். செங்கற்பட்டிலிருந்தும் கடற்கரைப் பக்கத்திலிருந்தும் நாள்தோறும் ரெயிலில் வருவோரும் உளர். பின்னவருட் சிலர் மாலையில் கடைகளில் வேலைசெய்து இரவில் வீடு திரும்புவோர். ரெயிலில் நின்றுகொண்டே யாப்பருங்கலக் காரிகை படிக்கும் ஒருவரை யான் அறிவேன். அவரைப் பார்த்து, "நேரத்தைத் திட்டமிடு" என்று விடுதித் தோழர் உபதேசிப்பது எனக்கு நகைப்பையே விளைக்கின்றது. சேலையூர், தூய தோமையர், பிஷப் ஹீபர் ஆகிய விடுதிகளில் உள்ளோர்க்கு ரெயிலில் கழியாத இரண்டு மணி நேரம் நாள்தோறும் மிஞ்சுகின்றது. அதில் வாரத்திற்கு ஒரு மணி, வேலையினிமித்தம் பாடம் தவறியவர்க்கு அப்பாடத்தைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒதுக்கலாகாதா? எம் வகுப்பில் இதனைத் தொடங்க நால்வர் இசைந்துள்ளோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பு முடிந்ததும், ரெயிலுக்குப் புறப்படுமுன், நூலகத்தை ஒட்டிய மரநிழலில்.