மொட்டை மாடிக் கணக்கு

ஆம்பிளை ஒருத்தன் சிகரெட்டை விடப்போகிறான் என்றால் அது ஊருக்கே திருவிழா. ஜனவரி ஒண்ணாம் தேதி டீக்கடையில் அறிவிப்பு, வீட்டில் பாயசம், ஆபீஸில் 'மச்சான், நிஜமாவா?' என்று கைகுலுக்கல். ஏழாம் தேதி மறுபடி ஆரம்பித்தாலும் யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. (ஆறு தடவை பாயசம் சாப்பிட்டவன் சொல்கிறேன்.)

பெண் விடவேண்டுமென்றால்? 'விடுகிறேன்' என்று சொல்வதற்கு முன்னால் 'பிடிக்கிறேன்' என்று சொல்லியாக வேண்டுமே!

மாதக் கடைசியில் கணக்கு முடித்துக் கொடுக்க நான் போகிற ஆபீஸில் எனக்கொரு தோழி. வயது 34. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாங்கள் இருவரும் ஒரே தீப்பெட்டியின் பங்குதாரர்கள். எனக்குச் செலவு சிகரெட் மட்டும். அவருக்கு ஹால்ஸ், சென்ட், துப்பட்டாவை நாலு தடவை உதறுவது என்று ஓவர்ஹெட்ஸ் தனி.

ஒருநாள், "விட்டுடலாம்னு இருக்கேன் சார். வேற யார்கிட்டயும் சொல்ல முடியல" என்றார். (அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.)

கர்ப்பத்தடை மாத்திரைக்காக டாக்டரிடம் போயிருக்கிறார். "ஸ்மோக் பண்ற பழக்கம் உண்டா?" என்று வழக்கமான கேள்வி. பக்கத்தில் கணவர். "இல்லை" என்றுவிட்டார். அந்த மாத்திரையும் சிகரெட்டும் சேர்ந்தால், அதுவும் வயது 35-ஐத் தாண்டினால், மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற அபாயம் எகிறிவிடும். டாக்டர் கேட்டது சும்மா இல்லை! மாத்திரை அட்டை ஒரு மாதமாகக் கைப்பையிலேயே கிடந்தது. விழுங்கவும் பயம், உண்மையைச் சொல்லவும் பயம்.

என் பி.காம். மூளை கணக்கில் இறங்கியது. பிரிட்டனில் 13 லட்சம் பெண்களைப் பல வருடம் கவனித்து, 2013-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கடைசிவரை புகைக்கும் பெண்ணுக்கு ஆயுளில் சுமார் 10 வருடம் நஷ்டம். 40 வயதுக்குள் விட்டுவிட்டால், புகையால் வரும் கூடுதல் மரண அபாயத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் தள்ளுபடி. எந்த பேங்க் தரும் இப்படி!

"அப்ப இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு விடலாமா சார்?" என்றார். அவரும் காமர்ஸ்தான்.

திங்கட்கிழமை நிறுத்தினார். நிகோடின் சூயிங்கத்தை பபிள்கம் மாதிரி மென்று தள்ளியதில் விக்கலே மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். அதற்குக் கால்மணி முன்னால் காபி, டீ கூடாது. நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. பெண்கள் உடம்பு ஆண்களைவிட வேகமாக நிகோடினை எரித்துவிடுமாம், மாத்திரை சாப்பிட்டால் இன்னும் வேகமாக. முதல் மூன்று நாள்தான் ரொம்ப மோசம். ஆனால் ஒவ்வொரு தவிப்பும் சில நிமிஷம்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தால் தாண்டிவிடலாம்.

நாலாம் நாள், மாடிக்கு வந்து கையை நீட்டினார். "ஒண்ணே ஒண்ணு."

கொடுத்துவிட்டேன்.

பாதி பிடித்ததும் அணைத்துவிட்டு, "ஏன் சார் குடுத்தீங்க?" என்றார். என்ன பதில் சொல்வது? எனக்கு மாடியில் துணை வேண்டியிருந்தது, அதுதான் நிஜம். அன்றைக்கே 1800-11-2356 எண்ணை எழுதிக்கொடுத்தேன். புகையிலையை விட நினைப்பவர்களுக்காக 2016-ல் மத்திய அரசு ஆரம்பித்த இலவச ஆலோசனை லைன். பரிகாரம்!

மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்து, இப்போது பதினொரு வாரம். மூன்று கிலோ ஏறிவிட்டதென்று புலம்பல். முதல் வருடத்தில் நாலைந்து கிலோ ஏறுவது சகஜம்தான். நான் மாடிக்குப் போனால் பாக்கெட்டைக் கீழே டிராயரிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். கேட்டால் கொடுத்துவிடுவேனே!

போன வாரம் கணவரிடமும் சொல்லிவிட்டார். அவர் தினமும் பால்கனியில் ராஜா மாதிரி நின்று ஊதுகிறவர். இரண்டு நாள் பேச்சே இல்லையாம். மூன்றாம் நாள், "மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட நாமளே போய்ச் சொல்லிடலாம்" என்றாராம்.

ஃப்ரிட்ஜ் மேலேயே கிடக்கும் அவருடைய பாக்கெட்டையும் அன்றிலிருந்து காணோமாம். விட்டுவிட்டாரா, இல்லை அவரும் ஒளித்துவைக்கிறாரா என்று தோழி துப்பறிந்துகொண்டிருக்கிறார்.