சோட்டா பீம் எப்படி ஓடுறான்?

செமஸ்டர் லீவுக்கு ஆம்பூர் போயிருந்தேன். அக்கா ஷூ கம்பெனிக்குக் கிளம்பியதும் அவளோட ஆறு வயசுப் பொண்ணு கேட்டாள்: "மாமா, டிவிக்குள்ள சோட்டா பீம் எப்படி ஓடுறான்?"

"ஃப்ரேம் ரேட், பெர்சிஸ்டன்ஸ் ஆஃப் விஷன்..." என்று ஆரம்பித்தேன். கொட்டாவி விட்டாள். நாலு வருஷ இன்ஜினியரிங், ஒரே கொட்டாவியில் காலி!

பேச்சை நிறுத்திட்டு, ஷூ டப்பா அட்டையை வட்டமா வெட்டினேன். ஒரு பக்கம் கிளி, மறுபக்கம் தலைகீழா கூண்டு, இரண்டு ஓரத்திலும் நூல். முறுக்கி விட்டதும் கிளி கூண்டுக்குள்ளே! அடுத்து, பழைய நோட்டின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒரு பந்து வரைந்தோம். விரலால் சரசரன்னு புரட்டினால் பந்து குதித்தது. திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தவள் சொன்னாள்: "பந்து சும்மாதான் இருக்கு மாமா. எனக்குத்தான் குதிக்கிற மாதிரி தெரியுது!"

யோசிச்சுப் பாருங்க, நாம மனப்பாடம் பண்ணினதை விட இது சரியான பதில். படம் கண்ணில் ஒரு கணம் தங்குது என்ற விளக்கம் கிளிக்குப் போதும், பந்துக்குப் போதாது. இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத அசைவை மூளைதான் நிரப்புது. மாக்ஸ் வெர்தைமர் 1912-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடுவதும் இதை நம்பித்தான்.

அதனால நண்பர்களே, அடுத்த என்.எஸ்.எஸ். முகாமுக்கு பிபிடி வேண்டாம். அட்டை, நூல், பழைய நோட்டு எடுத்துட்டுப் போங்க. பதிலை நாம சொல்ல வேண்டாம். புரட்டிப் பார்த்து அவங்களே சொல்லட்டும்.