அகவை உறங்குமா?

இம்மண்ணில் பிறந்து, நம் தமிழ்ப்பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் சிலர் இன்றும் குடியுரிமையின்றி வாடுகின்றனர். அவர்தம் பெற்றோர்க்கு நம்மவர் கூறும் அறிவுரை ஒன்றே: "பொறுத்திருங்கள், யாரேனும் தலைவரைப் பாருங்கள்." இவ்வறிவுரையை வன்மையாக மறுக்கிறேன்.

சிறப்புச் சூழலில், குறித்த அகவைக்கு உட்பட்டோரைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள அரசியலமைப்பின் 15ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. விண்ணப்பம் உறங்கலாம், அகவை உறங்குமா? இளமையில் கொடுத்த விண்ணப்பத்திற்கு அவ்வகவை கடக்கும்வரை பதிலில்லையெனில் அக்கதவு தானே அடைபடுகிறது. மறுப்பென ஒரு சொல்லும் எழுதாமலேயே மறுத்தாயிற்று!

வழக்குத் தொடுப்பது அரசைப் பகைப்பதாம்! அரசியலமைப்பே நிறுவிய மன்றத்தில் முறையிடுவது எங்ஙனம் பகையாகும்? லைட் சாலையிலுள்ள பினாங்கு உயர்நீதிமன்றம் நமக்கும் உரியதே. 2021 நவம்பரில், ஈன்றோர் இன்னாரென அறியப்படாத வளர்ப்புப் பிள்ளை ஒருவர் சட்டப்படி மலேசியக் குடியுரிமை உடையவரே எனக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், நீதிபதிகள் நால்வர் எதிராகவும் மூவர் ஆதரவாகவும் நிற்க, வேறொரு பிள்ளையின் வழக்கு தோற்றதும் உண்மை. எனினும், தோற்ற வழக்கிலும் காரணம் எழுத்தில் கிடைத்தது. உறங்கும் கோப்பில் அதுவும் இல்லை.

ஆசிரியப் பெருமக்களே! முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போதே பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். குடிமகன் அல்லர் என்றிருப்பின் அன்றே பெற்றோரை விண்ணப்பிக்கச் செய்யுங்கள். பள்ளிச் சான்றுகளைப் பேணிக் கொடுங்கள். பதில் வாராது ஆண்டுகள் கழியுமாயின் வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். அகவை வரம்பு எவருக்காகவும் காத்திராது.