தாயின் தட்டு

பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து பிரியும் சந்துகளில் பாடாவுக்குப் பாடா ஒரு கிளப் உண்டு. கேரம் பலகை, பூஜை வசூல் நோட்டு இவற்றோடு ஒரு மூலையில் இரும்புக் குண்டுகளும் கிடப்பது வங்காளத்தின் பழைய வழக்கம். அந்த மூலை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. இன்று டயமண்ட் ஹார்பர் சாலையில், மெட்ரோ ரயில் தூண்களின் ஓரமாகத் தோன்றியுள்ள ஜிம்களில் பெண்களும் எடை தூக்குகிறார்கள். பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. உடல் இளைக்க வருவோரே மிகுதி. அவர்களில் ஒருத்தி போட்டி மேடை ஏற விரும்பினால், அக்கம்பக்கத்தார் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளை குட்டிக்காரிக்கு இது எதற்கு?"

கேள்வி புதிதே தவிர, பெண்ணின் தேக வலிமை வங்காளத்துக்குப் புதிதல்ல. ரவீந்திரநாத் தாகூரின் சகோதரி மகளான சரளா தேவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கல்கத்தா இளைஞர்களுக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1923இல் விஷ்ணு சரண் கோஷ் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி புகழ்பெற்றது. அவருடைய மாணவியான ரேபா ரக்ஷித், 1950களில் மார்பின் மீது யானையின் பாதத்தைத் தாங்கிக் காட்டினார். ஆனால் 1951இல் மனதோஷ் ராயும், 1952இல் மனோகர் ஐச்சும் உலக அளவில் பட்டம் பெற்றதை நினைவில் வைத்திருக்கும் ஊர், ரேபாவை ஏறக்குறைய மறந்தே விட்டது.

தமிழர்களும் இதில் பெருமைப்பட இடமில்லை. இந்தப் போட்டிக்குத் தமிழில் வழங்கும் பெயரே 'ஆணழகன் போட்டி' என்பதுதான். வங்காளிகளின் 'தேகசௌஷ்டவம்' என்ற சொல்லில் ஆண், பெண் என்ற பேதம் இல்லை. அமெரிக்காவில் பெண்களுக்கான 'மிஸ் ஒலிம்பியா' பட்டம் 1980லேயே தொடங்கிவிட்டது. தமிழில் மேடையேறும் பெண்ணை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது இன்னும் தீராத சங்கடமாகவே இருக்கிறது.

பெயர் இல்லாவிட்டாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த, இரு பிள்ளைகளின் தாயான கிரண் டெம்ப்லா, 2013இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவின் சார்பில் மேடையேறினார். வாணியம்பாடியைச் சொந்த ஊராகக் கொண்ட சங்கீதாவின் கதை இன்னும் அழுத்தமானது. கணவரை இழந்தவர், இரு குழந்தைகளின் தாய், தினக்கூலி வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். அவர் 2022இல் தென்னிந்திய உடற்கட்டுப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார்.

இத்தகைய செய்தி வந்ததும் 'சாதனைத் தாய்' என்று புகழ்ந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவது எளிது. அந்தப் பதக்கத்துக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே பயன் தரும்.

உடற்கட்டுக்குத் தேவை மூன்று: பயிற்சி, உணவு, உறக்கம். பயிற்சிக்கு ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் போதும். கடினமானவை மற்ற இரண்டும்தான். 55 கிலோ எடையுள்ள சாதாரணப் பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம் புரதம் போதும். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவளுக்கு ஏறத்தாழ 90 முதல் 120 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். அளந்த உணவை, வேளை தவறாமல், அவள் உண்டாக வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? கணவர் அலுவலகம் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய குழம்பை வழித்து ஊற்றிக் கொண்டு கடைசியில் உட்காருபவள் தாய். மீன் துண்டு மிஞ்சினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் மேற்கு வங்கத்தில் 71.4 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆயினும் கடைசியாக உண்ணும் வழக்கத்துக்கு அதில் பங்கில்லை என்று சொல்வதற்கில்லை.

உறக்கத்தின் கதையும் இதுவே. உழைத்த தசை வலுப்பெறுவது ஓய்வில்தான். 2024ஆம் ஆண்டின் மத்திய அரசு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண் செலவிடுவது 88 நிமிடம். இந்தக் கணக்கு மாறாமல் ஒரு தாய் போட்டிக்குத் தயாரானால், அவள் திருடுவது தன் தூக்கத்தைத்தான்.

இந்த விளையாட்டில் ஆபத்தே இல்லை என்று யாரும் வாதிட மாட்டார்கள். மேடைக்காகக் கொழுப்பை அளவுக்கு மீறிக் கரைத்தால் மாதவிலக்கு நின்று போகலாம். நாளடைவில் எலும்பும் பலமிழக்கும். ஊக்க மருந்து ஊசிகளால் பெண்ணின் குரல் தடித்துவிட்டால், பிறகு மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்புவது அரிது. பிரசவித்தவர்கள், அதிலும் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டவர்கள், டாக்டரைக் கேட்காமல் எடை தூக்கக் கூடாது. போட்டி நடத்தும் சங்கங்கள் ஊக்க மருந்துச் சோதனையில் கண்டிப்பாக இருப்பது பெண்களுக்குச் செய்யும் முதல் உதவியாகும்.

மற்ற உதவிகளுக்கு அரசாங்கத்தை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடா கிளப்புகளும் தமிழ்ச் சங்கங்களும் பெண்களுக்கென்று காலையில் ஒரு மணி நேரத்தையும், தகுந்த பயிற்சியாளர் ஒருவரையும் ஒதுக்கலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் அறை இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. மாமியாரும் கொழுந்தனும் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும்போது, பெஹாலாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தில் கை கொடுக்க வேண்டியவர் கணவர்தான். காலைச் சமையலில் பாதியை அவர் ஏற்றுக் கொள்வதால் கௌரவம் குறைந்துவிடாது.

எல்லாத் தாய்மாரும் மேடையேறப் போவதில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மேடையேறும் ஒருத்தி எல்லா வீடுகளுக்கும் ஒரு பாடம் சொல்கிறாள். தாய்க்கும் பசி உண்டு, களைப்பு உண்டு, அவளுக்கென்று ஓர் ஆசையும் உண்டு. பிள்ளை குட்டிக்காரிக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள், இன்றிரவு அவள் தட்டில் என்ன விழுந்தது என்று முதலில் பார்க்கட்டும்.