அடிமாடு ஏற்றும் ஓட்டுநருக்கும் சான்றிதழ் வேண்டும்

அடிமாடு ஏற்றும் லாரிக்குச் சட்டம் கேட்கும் முக்கியச் சான்றுகள் இரண்டு. மாடு பயணத்தைத் தாங்கும் என்று கால்நடை மருத்துவர் தருவது ஒன்று. வண்டி அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டிருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் தருவது மற்றொன்று. மாட்டை ஏற்றி, இரவெல்லாம் ஓட்டிச் சென்று இறக்கும் ஆளுக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை. ஆந்திரம், கர்நாடகத்திலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்கு வருபவையும், அங்கிருந்து கேரளத்துக்குப் போகிறவையும் அந்த ஆளை நம்பித்தான் வண்டியேறுகின்றன.

1978ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகளில் குழப்பம் எதுவுமில்லை. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது. தரை வழுக்காமலிருக்கத் தென்னைநார் விரிப்போ பலகையோ வேண்டும். கூடவே ஒரு பராமரிப்பாளர் போக வேண்டும். 2015இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடமும் நிலையான தடுப்பும் கேட்கின்றன.

நெடுஞ்சாலையில் நடப்பது வேறு. ஆறு நிற்க வேண்டிய இடத்தில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு திணிக்கப்படுகின்றன. மூக்கணாங்கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக் கம்பியில் கட்டிவிடுவதால், பிரேக் போடும்போது மூக்கு கிழிகிறது. கால் இடறி விழுந்த மாடு மற்றவற்றின் குளம்படியில் கிடக்கிறது. அதை எழுப்ப வாலை முறுக்குகிறார்கள், கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்க்கிறார்கள். தாகமும் களைப்பும் காலை மடக்கிப்போட்ட மாடு எதைத் தேய்த்தாலும் எழாது. இதைச் சொல்லித்தர ஒருவரும் இல்லாததே இந்தக் கொடுமையின் வேர். நஷ்டமும் சிறியதல்ல. மிரண்டு களைத்த மாட்டின் தசையில் கிளைகோஜன் தீர்ந்து, இறைச்சி கறுத்துச் சீக்கிரம் கெடுகிறது. கன்றிய பகுதி வெட்டி எறியப்படுகிறது.

தண்டனையோ வெட்கக்கேடு. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 65 கிலோமீட்டருக்கு மேல் மாடு ஏற்றிச் செல்லும் ஓட்டுநர், பயிற்சி பெற்றுத் தேர்வெழுதி வாங்கிய தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பது 2008 ஜனவரி 5 முதல் கட்டாயம். அமெரிக்காவில் சட்டத்துக்குக் காத்திராமல், பெரிய இறைச்சி நிறுவனங்களே 2020 முதல் பயிற்சிச் சான்று உள்ள ஓட்டுநர்களைக் கேட்கத் தொடங்கின. மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் பெட்ரோல் டேங்கர் ஓட்டுநருக்கு மூன்று நாள் பயிற்சியும் சான்றும் கட்டாயம். உயிருள்ள சரக்குக்கு அதுகூட இல்லை.

மாடு ஏற்றும் ஓட்டுநருக்கும் பயிற்சி வேண்டும் என்று விவசாயிகளும் ஓட்டுநர்களும் சேர்ந்து விடுக்கும் இவ்வேண்டுகோள் மாட்டு வியாபாரத்துக்கு எதிரானதன்று. சாலையில் வண்டி வழிமறிக்கப்படும்போது அடிபடுகிறவர் ஓட்டுநரே; கூடுதல் லோடு ஏற்றச் சொன்னவர் அல்ல. ஆகவே ஓட்டுநருக்கும் பராமரிப்பாளருக்கும் இலவசப் பயிற்சியும் சான்றும் தரக் கால்நடைப் பராமரிப்புத் துறையையும் போக்குவரத்துத் துறையையும் பொதுமக்கள் வற்புறுத்த வேண்டும். கிராமசபையில் தீர்மானம் போடலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம். அதுவரை, ஆறுக்கு மேல் ஏற்றும் வண்டியில் மாட்டை ஏற்ற விவசாயியும் வியாபாரியும் மறுக்க வேண்டும். காசை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்பவர் ஒன்றை மறக்கலாகாது: வதைப்பவர் மட்டுமல்ல, வதைக்க அனுமதிக்கும் உரிமையாளரும் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றவாளியே.